விளிம்பின் கணக்கு

ஒரு புற்றுநோயாளிக்கு ஒரு நாளில் வழக்கமாக அளிக்கப்படும் கதிர்வீச்சின் அளவு 2 கிரே. ஒரு கிலோகிராம் பொருளில் 1 ஜூல் சக்தி தங்குமானால் அதுவே 1 கிரே என்று பௌதிக சாஸ்திரிகள் வரையறுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி, அன்றைய தினம் இறங்கும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், நீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு உயர்த்துவதற்கே அது போதும். இத்தனை அற்பமான சக்தி ஒரு கட்டியை அழிக்கும் வல்லமையை எங்கிருந்து பெறுகிறது என்றால், அது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிவதிலும், அவ்வெலெக்ட்ரான்கள் செல்லும் வழியில் உயிரணுவின் நீரைச் சிதைத்து உக்கிரமான ரசாயனத் துணுக்குகளை உண்டாக்குவதிலும், அத்துணுக்குகள் டி.என்.ஏ. என்னும் பரம்பரை இழையைத் தாக்கி அறுப்பதிலும் செலவாவதனால்தான். அவ்விழையின் இரண்டு புரிகளில் ஒன்று மட்டும் அறுந்தால் உயிரணு அதைச் செப்பனிட்டுக்கொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்துவிட்டாலோ செப்பனிடுவது கடினம்; அது சரியாக நடவாதபோது உயிரணு சந்ததி பெருக்கும் திறனை இழந்து மடியக்கூடும். இந்தக் காரியத்தில் கிரணமானது நோயுற்ற உயிரணு என்றும் நல்ல உயிரணு என்றும் பேதம் பார்ப்பதில்லை. ஆகையால், சிகிச்சை கண்ட நாள் முதல் வைத்தியரின் கவலையெல்லாம், கிரணம் விழவேண்டிய இடத்தில் மட்டும் அதை விழச் செய்வது எப்படி என்பதாகவே இருந்து வந்திருக்கிறது.

ஜெர்மனியில் வூர்ட்ஸ்புர்க் நகரத்தில் ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கிரணத்தைக் கண்டார். அடுத்த சில மாதங்களுக்குள்ளேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்தியர்கள் அதைக் கட்டிகளின் மீது பிரயோகித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அக்காலத்துக் கிரணம் வலுவற்றது. தோலிலேயே தன் உக்கிரத்தில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, ஆழத்தில் கிடக்கும் கட்டிக்கு மிச்சத்தைத்தான் கொண்டு சென்றது. இந்தத் தடையைக் கடக்கும் வழியை முதலில் காட்டியது புதிய யந்திரம் ஏதுமன்று. பாரிஸ் நகரத்து ரேடியம் நிலையத்தில் கிளாடியஸ் ரெகோ செம்மறிக் கடாக்களை வைத்து நடத்திய ஒரு பரிசோதனைதான். கடாவின் விந்துச் சுரப்பியை ஒரே தடவையில் கிரணம் பாய்ச்சி மலடாக்க முயன்றபோது மேலுள்ள தோல் வெந்து புண்ணாயிற்று. அதே கிரணத்தைச் சிறு சிறு பங்குகளாக்கிப் பல நாட்களுக்குப் பரப்பி அளித்தபோதோ, தோல் பெரிய சேதமின்றித் தப்ப, சுரப்பி மட்டும் மலடாயிற்று. வேகமாகப் பெருகும் உயிரணுக்கள் நிறைந்த அச்சுரப்பியைப் புற்றுக் கட்டிக்குப் பிரதியாக வைத்து யோசித்த ரெகோவின் அறிவை எத்தனை பாராட்டினாலும் தகும். அதே நிலையத்தில் ஆன்றி கூட்டார் 1920களில் குரல்வளைப் புற்று நோயாளிகளுக்கு இம்முறையைக் கையாண்டு பலன் கண்டார். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'கரண்ட் வைக்க' ஐந்தாறு வாரம் நாள்தோறும் வந்துபோகும் நோயாளிகள், அந்தக் கடாக்கள் கற்பித்த பாடத்தின்படியே வந்துபோகிறார்கள்.

அதற்குப் பின் வந்த முன்னேற்றங்களை விரைவாகவே சொல்லிச் செல்லலாம். 1951இல் கனடா தேசத்தில் கோபால்ட் 60இன் காமா கிரணம் முதன்முதலாக நோயாளிகளுக்கு அளிக்கப்பட்டது. 1953இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் எலெக்ட்ரான்களை மிகுந்த வேகத்துக்கு ஓட்டி உலோகத்தில் மோதச் செய்து கிரணம் எடுக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் சிகிச்சைக்கு வந்தது. இவற்றின் கிரணம் தோலில் அன்றித் தோலுக்குக் கீழே சற்று ஆழத்தில்தான் உச்சத்தை அடையும் என்பதால் தோல் வேகும் துன்பம் பெருமளவு நீங்கிற்று. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் பிறந்து, சரீரத்தைத் திறக்காமலே கட்டியின் வடிவத்தை அடுக்கடுக்காகக் காணும் பாக்கியத்தை அளித்தது. 1990களில், டங்ஸ்டன் உலோகத் தகடுகள் பல வரிசையாய் நின்று தனித்தனியே முன்னும் பின்னும் நகர்ந்து கிரணத்தின் வடிவத்தைக் கட்டியின் வடிவத்துக்கு இசைவாகச் செதுக்கித்தரும் ஏற்பாடும், ஒவ்வொரு திசையிலிருந்தும் எவ்வளவு கிரணம் வரவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்லும் முறையும் சேர்ந்தன. முதுகுத் தண்டைச் சுற்றி வளைந்து கிடக்கும் கட்டிக்குக்கூட, தண்டை விலக்கிவிட்டுக் கட்டியை மட்டும் தழுவும்படி கிரணத்தை வகுக்க முடியும் என்ற நிலை வந்தது.

ஆனால் அந்த வகுப்பெல்லாம் ஒரு நாள் எடுத்த ஸ்கேன் படத்தின் மேல் வகுத்தது. சிகிச்சையோ அதற்குப் பின் முப்பது நாள், நாற்பது நாள் நடப்பது. படம் எடுத்த அன்று நோயாளி எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே தினமும் படுக்க வேண்டும் என்பதற்காகத் தோலில் சிறு பச்சைப் புள்ளிகள் குத்துவார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் ஒளிக்கோடுகள் அப்புள்ளிகளின் மேல் வந்து பொருந்தும்வரை படுக்கையை நகர்த்துவார்கள். கோணிப்பையின் மேற்புறத்தில் மையால் குறியிட்டு, அதனுள் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட நெல்லிக்காயின் இடத்தை நாள்தோறும் சொல்லிவிட முயல்வதற்கு ஒப்பானது இது. மூத்திரப்பை நிறைவதும் ஒழிவதும், குடலில் வாயு சேர்வதும் கலைவதும், மூச்சில் நுரையீரல் விரிவதும் சுருங்குவதும், சிகிச்சை நடக்க நடக்க நோயாளி மெலிவதுமாக, உயிருள்ள சரீரத்தின் உள்ளுறுப்புகள் ஒருகணமும் நேற்றைய இடத்தில் இருப்பதாக வாக்குக் கொடுத்ததில்லை.

இந்த நிச்சயமின்மைக்கு வைத்தியர்கள் கண்ட பரிகாரம் விளிம்பு. கட்டியைச் சுற்றி நாலாபுறமும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, கட்டி சற்றே விலகினாலும் கிரணத்துக்குள்ளேயே இருக்கும்படி செய்துகொள்வது. மேற்பார்வைக்கு இது சாதாரணமான முன்ஜாக்கிரதையாகத் தோன்றும்; அதன் விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் புலப்படும். 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டையான ஒரு கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு சுமார் 33 கன சென்டிமீட்டர். அதைச் சுற்றி 1 சென்டிமீட்டர் விளிம்பு வைத்தால், கிரணம் பாயும் உருண்டையின் கன அளவு 113 ஆகிவிடுகிறது. அதாவது, 33 கன சென்டிமீட்டர் நோயைத் தீர்ப்பதற்காக 80 கன சென்டிமீட்டர் நல்ல தசையை முழு உக்கிரத்துக்கும் பலியிடுகிறோம். விளிம்பை 3 மில்லிமீட்டராகக் குறைக்க முடிந்தாலோ, மொத்தம் 51 கன சென்டிமீட்டர்தான். பலியாகும் நல்ல தசை சுமார் 18 மட்டுமே. 7 மில்லிமீட்டர் என்பது விரல் அகலத்துக்கும் குறைந்த தூரம். அந்தத் தூரத்துக்குள் எத்தனை நரம்பும் குடற்சுவரும் உமிழ்நீர்ச் சுரப்பியும் அடங்கிக் கிடக்கின்றன என்பதை எண்ணும்போது, இத்துறையில் உழைக்கும் பௌதிக நிபுணர்கள் ஒவ்வொரு மில்லிமீட்டருக்காகவும் பல ஆண்டுகள் போராடியதன் நியாயம் விளங்குகிறது.

விளிம்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் சூத்திரமாக்கியவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நெதர்லாந்துப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த மார்செல் வான் ஹெர்க், ஆண்டு 2000. பிழைகளை அவர் இருவகையாகப் பிரித்துக்கொண்டார். ஒன்று, நாளுக்கு நாள் ஒவ்வொரு பக்கமாகத் தடுமாறும் பிழை. மற்றொன்று, முதல்நாள் நேர்ந்து கடைசிநாள்வரை ஒரே திசையில் தொடரும் பிழை. முன்னது கிரணத்தின் ஓரத்தைச் சற்றே மங்கச் செய்யும், அவ்வளவுதான். பின்னதோ, கட்டியின் ஒரு பக்கத்தை ஒருநாளும் கிரணம் எட்டாமலே போகும்படி செய்துவிடக்கூடியது. ஆதலால் அவருடைய சூத்திரத்தில் தொடர்பிழையின் அளவை 2.5ஆலும் தடுமாற்றப் பிழையின் அளவை 0.7ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இரண்டும் 3 மில்லிமீட்டராக இருந்தால் விளிம்பு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். இரண்டையும் 1 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டால் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தொடர்பிழை எத்தகைய கேட்டைச் செய்யும் என்பதற்கு ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் புராஸ்டேட் புற்று நோயாளிகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை நெஞ்சில் தைக்கும் உதாரணம். திட்டமிடுவதற்காக ஸ்கேன் எடுத்த அன்று மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்கு, பின்னாளில் நோய் மீண்டும் தலைதூக்குவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. உப்பிய குடல் அன்றைக்கு மட்டும் புராஸ்டேட்டை முன்தள்ளியிருந்தது. அந்த ஒரு நாளின் இடத்தை நிரந்தர இடமாகக் கொண்டு வகுத்த கிரணம், வாரக்கணக்கில் ஒரு பக்கமாக விலகியே விழுந்தது. யந்திரம் பழுதில்லை, கணக்குப் பிசகில்லை, வைத்தியரின் கவனத்திலும் குறையில்லை. சிகிச்சை நாளன்று உள்ளே பார்ப்பதற்குக் கண் இல்லாமையே அத்தனைக்கும் காரணம்.

அந்தக் கண்ணைப் படைத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ராயல் ஓக் என்னும் ஊரில் வில்லியம் போமாண்ட் மருத்துவமனை இருக்கிறது. அங்கே 1990களின் பிற்பகுதியில் டேவிட் ஜாஃப்ரே, ஜெஃப்ரி ஸீவர்ட்ஸன் முதலியோர், சிகிச்சை அளிக்கும் யந்திரத்தின் மேலேயே ஒரு சி.டி. ஸ்கேனைக் கட்டிவிட முனைந்தார்கள். ஸ்கேன் யந்திரத்தை அப்படியே தூக்கிவந்து வைப்பதென்றால் நடக்காது. அது விரைந்து சுழல வேண்டியது, லீனியர் ஆக்ஸிலரேட்டரோ நோயாளியை ஒரு தடவை சுற்றிவர ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வது. ஆகவே அவர்கள், மெல்லிய விசிறியாக வரும் கிரணத்தால் ஒவ்வொரு அடுக்காகப் படமெடுப்பதை விடுத்து, கூம்பாக விரியும் கிரணத்தை அனுப்பி, எதிர்ப்புறத்தில் அகன்ற சிலிக்கன் பலகை ஒன்றில் அதை ஏற்று, ஒரே சுற்றில் நூற்றுக்கணக்கான நிழற்படங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து முப்பரிமாண பிம்பத்தைக் கட்டி எழுப்பும் வழியைத் தேர்ந்தார்கள். அவ்வாறு கட்டி எழுப்புவதற்கான கணிதம் எங்கிருந்து வந்தது என்பது வியப்புக்குரியது. ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர், பொருள்களை உடைக்காமலே எக்ஸ் கிரணத்தால் உள்ளே சோதிப்பதைக் கருதி 1984இல் வெளியிட்ட கணித முறை அது. உலோகத்திலும் பீங்கானிலும் விரிசல் தேடப் பிறந்த கணக்கு, மனித சரீரத்தில் கட்டியைத் தேட உதவியது. ஒரு சாஸ்திரத்தின் விதை எந்த வயலில் போய் முளைக்கும் என்பதை விதைத்தவர் அறிவதில்லை.

படமெடுக்கும் எக்ஸ் கிரணக் குழாயைச் சிகிச்சைக் கிரணத்துக்குச் செங்குத்தான திசையில் பொருத்தினார்கள். சிகிச்சைக் கிரணத்தைக் கொண்டே படமெடுத்தால் ஆகாதா என்ற கேள்வி எழலாம். அந்தக் கிரணம் வலிமை மிக்கதாகையால் எலும்பையும் தசையையும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஊடுருவிச் சென்றுவிடும், படம் வெளிறிப்போகும். அதனால் தாழ்ந்த சக்தியுள்ள கிரணம் படத்துக்கு, உயர்ந்த சக்தியுள்ளது சிகிச்சைக்கு என்று இரண்டும் ஒரே யந்திரத்தில், ஒரே மையத்தை நோக்கி அமைந்தன. 2002இல் இம்முறையை விளக்கி ஜாஃப்ரே குழுவினர் எழுதிய கட்டுரைக்குப் பின் சில ஆண்டுகளில் உலகெங்கும் உள்ள சிகிச்சைக் கூடங்களுக்கு இது பரவிற்று. இப்போது நோயாளி படுத்தபின் யந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி அன்றைய பிம்பத்தை எடுத்துத் திரையில் போட, டெக்னீஷியன்கள் அதைத் திட்டமிட்ட நாளின் பிம்பத்தின் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்து, படுக்கை இடப்புறம் 4 மில்லிமீட்டரும் தலைப்புறம் 2 மில்லிமீட்டரும் நகரவேண்டும் என்று கண்டு நகர்த்திய பிறகே கிரணம் திறக்கப்படுகிறது. மூத்திரப்பை போதிய அளவு நிறையவில்லை, குடலில் வாயு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்தால் நோயாளியை எழுப்பி வெளியே உட்காரவைத்துச் சற்றுநேரம் கழித்து மறுபடி படுக்கவைக்கிறார்கள். தாமதமாவது பற்றி நோயாளி முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அந்தத் தாமதத்தைப் போல் அவருக்கு நன்மை செய்வது அன்றைய தினத்தில் வேறொன்றில்லை. படமெடுப்பதாலும் கொஞ்சம் கிரணம் உடம்பில் ஏறத்தான் செய்கிறது. சிகிச்சை அளவோடு ஒப்பிட அது மிகச் சிறிய பங்கு. எனினும் குழந்தைகள் விஷயத்தில் அதையும் எண்ணிப் பார்த்தே செய்கிறார்கள்.

நுரையீரல் கட்டி இன்னும் கடினமான பிரச்சினை. அது நாளுக்கு நாள் அன்றி மூச்சுக்கு மூச்சு நகர்கிறது. நுரையீரலின் அடிப்பாகத்தில் உள்ள கட்டி ஒரு மூச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் ஏறி இறங்கக்கூடும். ஜப்பானில் சப்போரோ நகரத்து ஹொக்கைடோ சர்வகலாசாலையில் ஹிரோகி ஷிராடோ குழுவினர் 1990களின் கடைசியில் இதற்கு அதிஅற்புதமான வழி கண்டார்கள். 2 மில்லிமீட்டர் தங்க மணி ஒன்றைக் கட்டியின் அருகே பதித்துவிட்டு, சிகிச்சை அறையின் பல மூலைகளிலிருந்து எக்ஸ் கிரணத்தால் அதை விநாடிக்கு முப்பது தடவை பார்த்துக்கொண்டே, மணி வகுத்த இடத்துக்குள் வரும் கணங்களில் மட்டும் கிரணம் பாயவும், அது விலகிய மறுகணமே நிற்கவுமாகச் செய்தார்கள். எல்லா ஊருக்கும் இது சாத்தியமில்லை. பெரும்பாலான இடங்களில், மூச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஸ்கேன் எடுத்துக் கட்டி உலவும் எல்லை முழுவதையும் அறிந்துகொள்கிறார்கள், அல்லது நோயாளியை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இடது மார்பகப் புற்றுக்கு ஆழ மூச்சிழுத்து நிறுத்தினால், விரியும் நுரையீரல் இருதயத்தைக் கிரணத்தின் பாதையிலிருந்து விலக்கிவிடுகிறது. பணச் செலவு அதிகமில்லாத, பயிற்சி மட்டுமே வேண்டிய இந்த உபாயத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இடம் நிச்சயமானதும், ரெகோவின் காலத்திலிருந்து வேதமாக இருந்த விதியையே சிலர் மீறத் துணிந்தார்கள். நல்ல தசையைக் காப்பதற்காகத்தான் கிரணத்தைப் பல நாட்களுக்குப் பங்கிட்டோம். நல்ல தசையே வழியில் மிகக் குறைவாக அகப்படுமானால் பங்குகளைக் குறைத்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கலாம் அல்லவா? சத்திர சிகிச்சையைத் தாங்க இயலாத, ஆரம்ப நிலை நுரையீரல் புற்று நோயாளிகள் 55 பேருக்கு 18 கிரே வீதம் மூன்றே தடவை அளித்து, ராபர்ட் டிம்மர்மன் தலைமையில் நடந்த அமெரிக்க ஆய்வின் பலன் 2010இல் வெளிவந்தது: மூன்று ஆண்டு கடந்தும் 97.6 சதவீதத்தினருக்கு மூலக் கட்டி அடங்கியே இருந்தது. அதே மூன்று ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 56 சதவீதத்தினர். ஏனெனில் அவர்கள் வேறு கடும் வியாதிகளாலும் நலிந்தவர்கள், சிலருக்கு நோய் வேறிடங்களில் பரவிவிட்டது. இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இதே டிம்மர்மன் 2006இலேயே மற்றோர் எச்சரிக்கையையும் விடுத்திருந்தார்: பெரிய மூச்சுக் குழாய்களை ஒட்டி, மார்பின் நடுவே அமைந்த கட்டிகளுக்கு இப்படிப் பெரும் பங்குகளாக அளித்தால் கொடிய தீங்குகள் நேர்கின்றன. விளிம்பு எவ்வளவு மெல்லியதானாலும் கட்டியோடு ஒட்டிப்பிறந்ததுபோல் கிடக்கும் குழாயை அதிலிருந்து பிரிக்க முடியாது. குறி தவறாமை வேறு, தீங்கு விளையாமை வேறு என்பதை அந்தக் கட்டுரை அழுத்தமாக நிறுவிற்று.

எக்ஸ் கிரணத்தால் எடுத்த பிம்பத்தில் மிருதுவான உறுப்புகள் ஒன்றோடொன்று குழம்பித் தெரியும். அவற்றைத் துலக்கிக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஆனால் எம்.ஆர்.ஐ.யின் பெருங்காந்தமும் எலெக்ட்ரான்களை ஓட்டும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே அறையில் இருப்பது இயற்கைக்கே விரோதம் என்று பலர் நினைத்தார்கள். காந்தப் புலம் எலெக்ட்ரானின் பாதையை வளைத்துவிடும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து யான் லாகன்டைக், பாஸ் ராய்மாக்கர்ஸ் ஆகியோர், ஆக்ஸிலரேட்டர் சுற்றிவரும் வளையத்தில் காந்தப் புலம் இல்லாமற் போகும்படி காந்தத்தையே வேறுவகையில் அமைத்து இதைச் சாதித்தார்கள். 2017இல் அந்த யந்திரத்தில் முதல் நோயாளிகளாக முதுகெலும்பில் புற்றுப் பரவியவர்களைத் தேர்ந்ததன் காரணம் கவனிக்கத்தக்கது: எலும்பானால், கிரணம் சரியான இடத்தில் விழுந்ததா என்பதைச் சிகிச்சைக் கிரணத்தாலேயே படமெடுத்துத் தனியாகச் சரிபார்க்கலாம். புதிய கண்ணை நம்புவதற்கு முன் பழைய கண்ணால் அதைச் சோதித்தார்கள். இத்தனை பொருட்செலவுக்குப் பலன் உண்டா என்பதற்கு லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் புராஸ்டேட் புற்று நோயாளிகள் 156 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2023இல் விடை தந்தது. சி.டி. வழிகாட்ட 4 மில்லிமீட்டர் விளிம்பு வைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 43.4 சதவீதத்தினருக்கு அடுத்த சில மாதங்களில் குறிப்பிடத்தக்க மூத்திர உபத்திரவம் ஏற்பட்டது, எம்.ஆர்.ஐ. வழிகாட்ட 2 மில்லிமீட்டர் விளிம்பு வைத்தவர்களில் அது 24.4 சதவீதம். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், நோயாளி இரவில் தூங்குவதற்கும் தூங்காமல் எழுந்து எழுந்து போவதற்கும் உள்ள வித்தியாசமாக முடிகிறது.

இவ்வளவும் நகர்தலால் வரும் விளிம்பைப் பற்றியது. அதை இன்னும் குறைப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேறு இரண்டு நிச்சயமின்மைகள் உண்டு. அவை யந்திரத்தின் பிடிக்கு எளிதில் அகப்படுவன அல்ல. கட்டியின் எல்லையைத் திரையில் கோடாக வரைபவர் மனிதர்; ஒரே பிம்பத்தை இரு நிபுணர்களிடம் கொடுத்தால் இருவரும் ஒரே கோட்டை வரைவதில்லை, சில உறுப்புகளில் அந்த வேற்றுமை நகர்தலால் வரும் பிழையைவிடப் பெரியது. அக்கோடு தவறானால் அது வான் ஹெர்க் அஞ்சிய தொடர்பிழையாகவே மாறி, எத்தனை முறை படமெடுத்தும் திருந்தாமல், நாள்தோறும் அதே தவற்றை மில்லிமீட்டர் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்விக்கும். ஆதலால், விலையுயர்ந்த யந்திரத்தை வாங்கிவைத்துவிட்டு, கோடு வரைபவருக்குப் பயிற்சியும் அவகாசமும், வரைந்ததை இன்னொருவர் பார்த்துத் திருத்தும் ஏற்பாடும் செய்யாத மருத்துவமனை, செலவில் பாதியை வீணாக்குகிறது என்றே சொல்வேன்.

மற்றொன்று, எந்தப் பிம்பத்திலும் தெரியாத நோய். கட்டியின் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பால், ஒன்றும் இரண்டுமாகச் சிதறிப் பரவியிருக்கும் உயிரணுக்களைச் சி.டி.யும் காட்டாது, எம்.ஆர்.ஐ.யும் காட்டாது. அவை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை அறுத்தெடுத்த கட்டிகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து அளந்தே அறிய வேண்டும். பாரிஸ் கியூரி நிலையத்தில் ஃபிலிப் ஜிரோ முதலியோர் 2000இல் நுரையீரல் கட்டிகளை அவ்வாறு அளந்து, அத்தகைய பரவலில் 95 சதவீதத்தை அடக்குவதற்கு ஒருவகைப் புற்றில் 6 மில்லிமீட்டரும் மற்றொரு வகையில் 8 மில்லிமீட்டரும் வேண்டும் என்று கண்டார்கள். அந்த மில்லிமீட்டர்களைப் படத்தைக் காட்டிக் குறைக்க இயலாது. இன்று நுரையீரல் நோயாளி ஒருவருக்குத் திட்டம் வகுக்கும் வைத்தியர், பயாப்ஸி அறிக்கையைப் படித்து அது எந்த வகைப் புற்று என்று பார்த்துக்கொண்டு, அதற்குரிய அகலத்தை முதலில் கூட்டியபிறகே, மூச்சுக்கும் படுக்கைக்குமான விளிம்பைக் கணக்கிட உட்காருகிறார்.